காந்தத்தை எடுத்தால்தான் குளிரும்! (போன இதழில் நான் எழுதியது தவறு)



போன மாதச் சுவர் இதழில், கீழ் மூலையில், பச்சை ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டு "உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரு துணுக்கு எழுதியிருந்தேன். "கடோலினியம் என்ற பொருளின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால் அது குளிர்ந்துவிடும். இதை வைத்து உலகிலேயே மிக மிகக் குளிரான கருவிகளைச் செய்கிறார்கள்" என்பதுதான் அது. நிறைய பேர் நின்னு படிச்சீங்க. எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மூணாம் நாள் காலையில் வந்து பார்த்தால், என் கட்டத்துக்குக் கீழே யாரோ ஒரு சீட்டைக் குண்டூசியால் குத்தி வச்சிருந்தாங்க. பென்சில் எழுத்து. "கிட்டே கொண்டுபோனா குளிரும்னா, எடுத்தா சூடாகணுமே அக்கா? வந்த குளிர் திரும்பப் போயிடுமே. அப்ப லாபம் என்ன?" பெயர் இல்லை. அக்கா என்று போட்டிருப்பதால் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் யாரோ ஒருத்தர்.

எனக்குப் பதில் தெரியவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு அறிவியல் டீச்சரிடம் போனேன். டீச்சர் ரெண்டு தடவை படித்தார்கள். "கேள்வி ரொம்ப நல்லா இருக்கு. உன் துணுக்குதான் தலைகீழா இருக்கு. நீதானே எழுதின? நீயே திருத்து" என்று சொல்லி, படிக்கச் சில தாள்களும் எடுத்துக் கொடுத்தார்கள். அதனால் இந்தத் தடவை துணுக்கு இல்லை, ஒரு முழுத் தாள்.

முதலில் திருத்தம். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் கடோலினியம் சூடாகும். காந்தத்தை எடுத்தால்தான் குளிரும். நான் மாற்றி எழுதிவிட்டேன். மன்னிக்கவும்.

ஆனால் சீட்டில் உள்ள கேள்வி இதனால் தீர்ந்துவிடவில்லை பாருங்கள். கொண்டுபோனால் சூடு, எடுத்தால் குளிர். அப்பவும் கூட்டிக் கழிச்சா கணக்கு நேராகிவிடுகிறது. லாபம் எங்கே?

பலூன் பரிசோதனை

இதைப் புரிய வைக்க டீச்சர் காந்தம் எடுக்கவில்லை. ஒரு பலூன் கொண்டுவரச் சொன்னார்கள். ஊத வேண்டாம், ஊதாத பலூன் போதும். அகலமான ரப்பர் பேண்டும் சரிதான்.

பலூனின் ரெண்டு முனையையும் பிடிச்சு வேகமாக நல்லா இழுங்க. இழுத்த உடனே மேல் உதட்டில் வச்சுப் பாருங்க. இளஞ்சூடாக இருக்கும். (கையில் வச்சுப் பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. உதடுதான் சரியாகச் சொல்லும்.) இப்போது உடனே தளர்த்தி மறுபடியும் உதட்டில் வையுங்க. ஒன்றும் தெரியாது. வந்த சூடு போய்விட்டது, அவ்வளவுதான். சீட்டு எழுதியவர் சொன்ன கணக்கு இதுதான்.

ரெண்டாவது தடவை செய்யும்போது ஒரே ஒரு மாற்றம். இழுத்துப் பிடிச்சபடியே ஒரு நிமிஷம் சும்மா இருங்க. கை வலிக்கும், விடாதீங்க. பலூனில் வந்த சூடு காற்றில் கலந்து போய்விடும். உதட்டில் வச்சால் சூடே இருக்காது. இப்போது தளர்த்தி, உடனே உதட்டில் வையுங்க. ஜில்லென்று இருக்கும்! எங்கள் வகுப்பில் பதினோரு பேர் செய்து பார்த்தோம். ஒன்பது பேருக்குத் தெரிந்தது. மற்ற ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் பொறுக்காமல் விட்டுவிட்டார்கள்.

லாபம் அந்த ஒரு நிமிஷத்தில்தான் இருக்கிறது. இழுக்கும்போது வரும் சூட்டை வெளியே போகவிட்டு, அதற்குப் பிறகு தளர்த்தணும். காந்தத்திலும் இதே கதைதான். அதை நான் துணுக்கில் எழுதவே இல்லை. எழுதத் தெரியவும் இல்லை.

ரெண்டு குடம்

பலூன் ரப்பரில் நீள நீளமான மூலக்கூறுகள் நூல் சிக்கு மாதிரி கிடக்கின்றன. இழுத்தால் ஒரே திசையில் வரிசையாக நிற்கும். விட்டால் மறுபடி சிக்கு. கடோலினியம் உப்பில் நூலுக்குப் பதில் குட்டிக் குட்டி காந்தங்கள். ஒவ்வொரு கடோலினியம் அயனியும் ஒரு குட்டிக் காந்தம். சாதாரணமாக அவை ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டு இருக்கும், நாம் விளையாட்டு நேரத்தில் மைதானத்தில் இருப்பது போல. வெளியே இருந்து பெரிய காந்தம் வந்தால் பி.டி. சார் விசில் அடித்தது மாதிரி எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பும்.

இனிமேல்தான் முக்கியமான இடம். உப்புக் கட்டிக்குள் ரெண்டு குடம் இருப்பதாக நினைச்சுக்குங்க. குடத்தில் இருப்பது தண்ணீர் இல்லை, கலைவு. ஒழுங்கில்லாமல் இருப்பதைத்தான் கலைவு என்கிறேன். (பெரிய வகுப்புக்குப் போனால் இதற்கு என்ட்ரோபி என்று பெயர் சொல்லிக் கொடுப்பார்களாம்.) ஒரு குடம், குட்டிக் காந்தங்களின் திசைக் கலைவு. இன்னொரு குடம், அணுக்கள் நடுங்குவதால் வரும் கலைவு. அந்த நடுக்கம் எவ்வளவோ அவ்வளவு சூடு.

பெரிய காந்தத்தை வைக்கிறோம். குட்டிக் காந்தங்கள் வரிசையாகின்றன, முதல் குடம் குறைகிறது. குறைந்தது எங்கே போகும்? நடுக்கக் குடத்துக்கு. அதனால் உப்பு சூடாகிறது. பக்கத்தில் ஏற்கனவே குளிரான ஒரு பொருளை வச்சிருந்தால், கூடுதலாக வந்த அந்தச் சூட்டை அது மொண்டு எடுத்துக்கொண்டு போய்விடும். எடுத்துப்போகும் வரை காத்திருக்கிறோம். (பலூனின் ஒரு நிமிஷம்.) பிறகு அந்தப் பொருளோடு உள்ள தொடர்பை வெட்டிவிட்டு, பெரிய காந்தத்தை மெல்ல எடுக்கிறோம். குட்டிக் காந்தங்கள் மறுபடி கலைய ஆரம்பிக்கும். திசைக் குடம் நிறையணும். வெளியே இருந்து சொட்டு வர வழியில்லை. அதனால் பக்கத்தில் இருக்கிற நடுக்கக் குடத்தில் இருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதில் கூடுதலாக வந்ததை முன்னாடியே மொண்டு கொட்டியாச்சு. ஆகவே இப்போது அது ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கீழே இறங்கிவிடுகிறது. நடுக்கம் குறைந்தால் குளிர்.

சீட்டு எழுதிய தம்பியோ தங்கையோ, இது புரிந்ததா? புரியவில்லை என்றால் இன்னொரு சீட்டு குத்துங்க. எனக்கும் மூணு தடவை படித்த பிறகுதான் புரிந்தது.

இவ்வளவு குளிர் எதற்கு, யார் செய்தார்கள்?

நம்ம ஊர்க் கடையில் ஐஸ் பெட்டி மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் இருக்கும். எவ்வளவுதான் குளிர வைத்தாலும் மைனஸ் 273.15 டிகிரிக்குக் கீழே போகவே முடியாது. அதைத்தான் 0 கெல்வின் என்கிறோம். நம் வகுப்பறை சுமார் 303 கெல்வின். நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ள வெறும் வானவெளிகூட 2.7 கெல்வின்.

நெதர்லாந்து நாட்டில் லைடன் என்ற ஊரில் காமர்லிங் ஆன்ஸ் என்ற விஞ்ஞானி 1908 ஜூலை 10 அன்று ஹீலியம் வாயுவை முதன்முதலாகத் திரவமாக்கினார். திரவ ஹீலியம் 4.2 கெல்வின். அதற்கும் கீழே போக அவர் செய்தது நம் மண்பானை வேலைதான். பானையில் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும், மிச்சத் தண்ணீர் குளிரும். அவர் ஹீலியத்தின் ஆவியைப் பம்பு வைத்து இழுத்துக்கொண்டே இருந்தார். 1922இல் 1 கெல்வினுக்குக் கொஞ்சம் கீழே வரை வந்துவிட்டார். அதற்குமேல் நகரவில்லை. ஏனென்றால் அந்தக் குளிரில் ஆவியே கிட்டத்தட்ட வருவதில்லை. பம்பு எதை இழுக்கும்? 1926இல் அவர் இறந்துபோனார்.

அதே 1926இல்தான் ரெண்டு பேருக்குத் தனித்தனியாக இந்தக் காந்த யோசனை தோன்றியது. ஒருவர் பீட்டர் டிபை. இன்னொருவர் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வேலை பார்த்த வில்லியம் ஜியோக். ஜியோக் 1895இல் கனடாவில் நயாகரா அருவி பக்கத்தில் பிறந்தவர். படிப்பு முடித்துக் கல்லூரிக்குப் போகும் முன்னே ரெண்டு வருஷம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்திருக்கிறார்.

யோசனை வந்தது 1926இல். செய்து காட்டியது 1933இல். நடுவே ஏழு வருஷம்! ஹீலியம் திரவமாக்கும் கருவி வேண்டும், பெரிய காந்தம் வேண்டும், எல்லாம் கட்டி முடிக்கணும். நான் ஆறாம் வகுப்பில் ஒரு யோசனை நினைத்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகுதான் செய்து பார்க்கிறேன் என்றால் எப்படி இருக்கும்? எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, உண்மையைச் சொல்கிறேன்.

1933 மார்ச் 19. ஜியோக்கும் அவரோடு வேலை செய்த மக்டூகலும் 61 கிராம் கடோலினியம் சல்பேட் எடுத்துக்கொண்டார்கள். 61 கிராம் என்பது ரெண்டு கைப்பிடிகூட வராது. அதை ஹீலியம் வைத்து சுமார் 3.4 கெல்வினுக்குக் கொண்டுவந்தார்கள். 8000 காஸ் காந்தப்புலத்தை வைத்தார்கள். (நம் காந்த ஊசியைத் திருப்புகிற பூமியின் காந்தப்புலம் நம்ம பக்கத்தில் சுமார் 0.4 காஸ்தான். இருபதாயிரம் மடங்கு!) உப்பு சூடாகிறது. அதைச் சுற்றிக் கொஞ்சம் ஹீலியம் வாயு இருக்கிறது, அது சூட்டை வெளியே கடத்துகிறது. காத்திருக்கிறார்கள். பிறகு அந்த வாயுவைப் பம்பால் உறிஞ்சி வெற்றிடமாக்குகிறார்கள். சூடு போகவோ வரவோ வழி அடைபட்டது. காந்தப்புலத்தை எடுத்தார்கள். 0.53 கெல்வின்.

ஏப்ரல் 8ஆம் தேதி, சுமார் 2 கெல்வினில் ஆரம்பித்து 0.34. மறுநாள் ஏப்ரல் 9, சுமார் 1.5 கெல்வினில் ஆரம்பித்து 0.25. வானவெளியைவிடப் பத்து மடங்கு குளிர், 61 கிராம் உப்பில்! 1949இல் ஜியோக்குக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தக் குளிரில் வெப்பநிலையை எப்படி அளந்திருப்பார்கள்? பாதரசம் கல்லாகிவிடும். ஹீலியம் ஆவியும் இல்லை. பதில் அழகாக இருக்கிறது. அந்த உப்பே வெப்பமானி! இந்த மாதிரி உப்புகள் குளிரக் குளிரச் சுலபமாகக் காந்தத்துக்கு இணங்கும். வெப்பநிலை பாதியானால் இணங்கும் தன்மை ரெண்டு மடங்கு. இது கியூரி விதி. (மேரி கியூரியின் கணவர் பியரி கியூரி கண்டுபிடித்தது.) உப்பைச் சுற்றிக் கம்பிச் சுருள் வைத்து, எவ்வளவு இணங்குகிறது என்று அளந்து, வெப்பநிலையைக் கணக்குப் போட்டார்கள்.

ஏன் கடோலினியம்? அதுவும் ஏன் உப்பு?

கடோலினியத்தின் அணு எண் 64. லாந்தனைடுகள் என்று தனிம அட்டவணைக்குக் கீழே தனியாக ஒரு வரிசை போட்டிருப்பார்களே, அங்கே இருக்கிறது. இவற்றை அருமண் தனிமங்கள் என்றும் சொல்வார்கள். பெயர்தான் அரிது. இவற்றில் ஒன்றான சீரியம் பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய செம்பு அளவுக்கே இருக்கிறது. ஒன்றோடு ஒன்று கலந்து கிடப்பதால் பிரித்தெடுப்பதுதான் கஷ்டம். ஸ்வீடன் நாட்டில் இட்டர்பி என்ற சின்ன ஊரில் கிடைத்த கறுப்புக் கல்லை 1794இல் ஆராய்ந்தவர் பின்லாந்துக்காரரான யோஹான் கடோலின். அவர் நினைவாகத்தான் கடோலினியம் என்ற பெயர்.

கடோலினியம் அயனியின் உள்கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள் ஜோடி சேராமல் தனித்தனியாக இருக்கின்றன. ஜோடி சேர்ந்தால் ஒன்றின் காந்தத்தை இன்னொன்று அழித்துவிடும். ஏழும் தனியாக, ஒரே பக்கம் பார்த்து நிற்பதால் குட்டிக் காந்தம் வலுவாக இருக்கிறது. அந்த ஏழும் உள்ளே இருப்பதால், வெளி எலக்ட்ரான்கள் வேலி மாதிரி காப்பாற்றுகின்றன. பக்கத்து அணுக்கள் அதிகம் தொந்தரவு செய்ய முடியாது.

சரி, அப்படியென்றால் சுத்தமான கடோலினிய உலோகத்தையே வச்சுக்கலாமே? அங்கேதான் என் துணுக்கில் ரெண்டாவது தப்பு. "கடோலினியம்" என்று மொட்டையாக எழுதிவிட்டேன். உலோகமா, உப்பா என்று சொல்லவில்லை. உலோகத்தில் அணுக்கள் நெருக்கி அடித்து நிற்கின்றன. ஒன்றைப் பார்த்து ஒன்று திரும்பி, சுமார் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்தாலே, வெளிக்காந்தம் இல்லாமலேயே தாமாக வரிசையாகிவிடும். கலைவு இல்லாதபோது நாம் எதைக் குறைப்பது? திசைக் குடம் முன்னாடியே காலி.

உப்பில் அப்படி இல்லை. கடோலினியம் சல்பேட்டில் ரெண்டு கடோலினியத்துக்கு எட்டு தண்ணீர் மூலக்கூறுகள் இருக்கின்றன, கூடவே சல்பேட்டும். இவை நடுவில் உட்கார்ந்துகொண்டு கடோலினியங்களைத் தள்ளித் தள்ளி வைக்கின்றன. பரீட்சை ஹாலில் நம்மை ஒரு பெஞ்சுக்கு ஒருவராக உட்கார வைப்பார்களே, அதே காரணம்தான். பக்கத்தில் பார்த்து எழுதக் கூடாது! தள்ளி இருக்கும் வரைதான் மிகக் குளிரிலும் ஒவ்வொன்றும் தன் இஷ்டப்படி திரும்பிக்கொண்டிருக்கும். எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறதோ அவ்வளவு கீழே போகலாம். ஆனால் ரொம்பத் தள்ளி வைத்தால் ஒரு கைப்பிடி உப்பில் குட்டிக் காந்தங்களின் எண்ணிக்கை குறைந்துவிடும், இழுக்கிற சூடும் குறையும். இந்த ரெண்டுக்கும் நடுவேதான் விஞ்ஞானிகள் இன்றைக்கும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உலோகம் வீண் என்று நினைக்காதீங்க. அது தாமாக வரிசையாக ஆரம்பிக்கும் இடம் நம் வீட்டு வெப்பநிலைக்குப் பக்கத்தில் இருப்பதால், அந்த இடத்தில் அது நல்ல வேலை செய்யும். 1976இல் பிரௌன் என்ற அமெரிக்கர் கடோலினிய உலோகத்தை வைத்துச் சாதாரண வெப்பநிலையில் ஓடும் காந்தக் குளிர்விப்பான் செய்து காட்டினார். உப்பு அங்கே உதவாது. வகுப்பறைச் சூட்டில் அணுக்களின் நடுக்கம் அவ்வளவு பலமாக இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் பி.டி. சார் விசில் அடித்தால் யார் கேட்பார்கள்?

ஜியோக் செய்த அதே 1933இல் லைடனிலும் ஒரு குழு இந்த முறையைச் செய்தது. அவர்கள் எடுத்தது சீரியம் புளோரைடு. சீரியமும் அருமண்தான். நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் எல்லாம் உண்டு. போன வருஷம் சுற்றுலா போனபோது அந்தக் கடற்கரை ஓரத்துச் சாலையில் பஸ்ஸில் போனோம். நான் தூங்கிட்டேன்!

மூணு தடவை மேலே போன பெட்டி

இவ்வளவு கஷ்டப்பட்டு குளிர வைத்து என்ன செய்கிறார்கள் என்று எங்கள் வகுப்பில் எல்லாரும் கேட்டார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன்.

நட்சத்திரங்களில் இருந்தும் கருந்துளைகளின் பக்கத்தில் இருந்தும் எக்ஸ் கதிர் வருகிறது. ஒரே ஒரு எக்ஸ் கதிர்த் துகள் வந்து விழும்போது எவ்வளவு சூடு உண்டாகும் என்று அளந்தால் அதன் ஆற்றலைச் சொல்லிவிடலாம். ஒரு துகளின் சூடு எவ்வளவு இருக்கும், நினைச்சுப் பாருங்க. மதிய உணவு நேரத்தில் புளியங்கொட்டை விழுந்தால் சத்தம் கேட்காது. பரீட்சை நேரத்தில் விழுந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் உணர்கருவியைக் கிட்டத்தட்ட நடுக்கமே இல்லாத குளிரில் வைக்கிறார்கள். விண்வெளியில் எடை இல்லாததால் திரவங்கள் ஒரு இடத்தில் நிற்காமல் தொல்லை கொடுக்கும். காந்தக் குளிர்விப்பானின் முக்கிய வேலையைச் செய்வது திடமான உப்பு. அதற்கு மேல் கீழ் என்று கவலையில்லை.

2005 ஜூலையில் ஜப்பான் சுசாகு என்ற செயற்கைக்கோளை அனுப்பியது. அதில் அமெரிக்காவின் நாசா செய்துகொடுத்த காந்தக் குளிர்விப்பான், 0.06 கெல்வின். மேலே போய் நன்றாக வேலை செய்தது. ஆனால் முன்குளிர்விக்க வைத்திருந்த திரவ ஹீலியம் ஆகஸ்ட் மாதமே முழுவதும் ஆவியாகிப் போச்சு. ஒரு நட்சத்திரத்தைக்கூட அந்தக் கருவி பார்க்கவில்லை.

2016 பிப்ரவரியில் ஹிட்டோமி. இந்தத் தடவை 0.05 கெல்வின். குளிர்விப்பான் பிரமாதமாக ஓடியது, பெர்சியஸ் என்ற விண்மீன் மண்டலக் கூட்டத்தைப் பார்த்து அருமையான அளவுகளும் அனுப்பியது. மார்ச் 26ஆம் தேதி செயற்கைக்கோள் நிற்காமல் சுழன்று உடைந்துபோனது. ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை.

மறுபடியும் முதலில் இருந்து. 2023 செப்டம்பர் 7 அன்று எக்ஸ்ரிசம் என்ற செயற்கைக்கோள் ஜப்பானின் தானேகாஷிமா தீவில் இருந்து கிளம்பியது. அதே மாதிரி குளிர்விப்பான், அதே 0.05 கெல்வின். 36 சின்னச் சின்ன உணர்கட்டங்கள், ஆறுக்கு ஆறு. இந்தத் தடவை நடந்துவிட்டது! இந்தக் குளிர்விப்பானில் மூணு படி இருக்கிறது. ரெண்டில் கடோலினியம் லித்தியம் புளோரைடு. கடைசியாக மிகக் கீழே இறங்கும் படியில் மட்டும் அருமண் இல்லை, குரோமியம் உள்ள ஒரு படிகாரம். நம் வீட்டுப் படிகாரத்துக்கு உறவுக்கார உப்பு.

1926இல் வந்த யோசனைக்கு ஏழு வருஷம் ஆனது என்று மேலே ஆச்சரியப்பட்டேன். 2005இல் இருந்து 2023 வரை பதினெட்டு வருஷம். அதை என்னவென்று சொல்வது!

தண்ணீர் உள்ள உப்புகளுக்கு ஒரு குறை உண்டு. வெற்றிடத்தில் கொஞ்சம் சூடுபட்டாலே தண்ணீர் பறந்துவிடும், உப்பு கெட்டுப்போகும். அதனால் மூடி முத்திரை வைக்கணும். 2021இல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் தண்ணீரே இல்லாத ஒரு பொருளைச் செய்து பார்த்தார்கள். பொட்டாசியம், பேரியம், இட்டர்பியம், போரேட் சேர்ந்தது. இட்டர்பியமும் அருமண்தான், அந்த இட்டர்பி ஊரின் பெயரே! அதில் குட்டிக் காந்தங்கள் முக்கோணம் முக்கோணமாக அமைந்திருக்கின்றன. முக்கோணத்தில் மூணு பேர், ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவருக்கு எதிர்த் திசையில்தான் நிற்பேன் என்றால் எப்படி முடியும்? ரெண்டு பேர் நின்றுவிடலாம், மூணாவது ஆள் முழிக்கணும். அதனால் வரிசையாக முடியாமல் மிகக் குளிரிலும் கலைவு மிச்சம் இருக்கிறது. அது 2 கெல்வினில் ஆரம்பித்து 0.022 கெல்வின் வரை வந்தது.

"அப்படியே போனால் 0 கெல்வினே வந்துவிடுமா?" என்று என் பெஞ்சில் இருப்பவள் கேட்டாள். வராது. ஒவ்வொரு சுற்றிலும் மிச்சம் இருப்பதில் ஒரு பங்குதான் குறைக்க முடியும், மிச்சம் எப்போதும் இருக்கும். 1956இல் ஆக்ஸ்ஃபோர்டில் எலக்ட்ரானை விட்டுவிட்டு, செம்பு அணுக்கருவில் உள்ள இன்னும் குட்டியான காந்தங்களை இதே முறையில் குளிரவைத்து, கெல்வினில் பத்து லட்சத்தில் சில பங்கு வரை போனார்கள். அப்பவும் பூஜ்யம் இல்லை.

சீட்டு எழுதியவர் யாரென்று தெரிந்தால் டீச்சரிடம் சொல்லுங்க, அவரைப் பார்க்கணும் என்கிறார்கள். பலூன் அறிவியல் அலமாரியின் மேல் தட்டில் மஞ்சள் டப்பாவில் இருக்கிறது. பதினோரு பேர் உதட்டில் வைத்தது, கழுவிவிட்டு எடுங்க.

இப்படிக்கு,
9ஆம் வகுப்பு மாணவி
(போன மாதம் தப்பாக எழுதியவளும் நானேதான்)